சனிக்கிழமை ஊமைக் கூட்டம்

மீன் விற்கிற மரியசீலி தலையிலிருந்த பேசினை இறக்கி வைக்கவில்லை. அது விழுந்தது. அலுமினியம் சீமெந்து வாசலில் மோதிய சத்தத்தில்தான் நான் புத்தகத்திலிருந்து தலையை எடுத்தேன். விற்று மிஞ்சிய சூடை மீன்கள் மணலில் சிதறிக் கிடந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ஆற்றை போட்?" யாருடைய போட் என்று கேட்டாள்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை யாரும் கதைப்பதில்லை. அன்று முதல் நாள் என்பதால் எல்லோரும் விதியைக் கவனமாகக் காப்பாற்றினோம். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், அவ்வளவுதான்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு குறுகலான ஒழுங்கைக்குள் ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் யாழ்ப்பாணத்துக் குருநகரின் அந்தக் கரைத்துண்டு முழுவதும் எங்கள் வலைக்கொட்டில் வாசலில் நின்றது. மாக் குழைத்த கையோடு பெண்கள் வந்தார்கள். ஒருவர் பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு வந்தார். கொட்டில் சவரிமுத்தர் என்ற சம்மாட்டிக்குச் சொந்தம். சம்மாட்டி என்றால் போட்டும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களைத் தொழிலுக்கு அனுப்புகிறவர். அவருடைய மனைவி பிலோமினாக்கா செருப்பில்லாமல் வந்தார். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே கரைக்குப் போய், ஏற்றி வைத்திருந்த போட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக்கொண்டு நடந்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கரையில் வெள்ளி இரவு கடலுக்குப் போன போட்டுகள் சனி காலையில் திரும்பிவிடும். ஞாயிறு பூசை என்பதால் சனி இரவு ஒருவரும் போவதில்லை. ஆகவே சனி பின்னேரம் எல்லாப் போட்டும் கரையில் இருக்க வேண்டும். ஒரு போட் வராவிட்டால் யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லை. அந்தப் போட்டின் கொட்டிலில் ஒருவர் வந்து குந்துவார். பிறகு இன்னொருவர். தலையைக் குனிந்துகொண்டு இருப்பார்கள். கதைக்க மாட்டார்கள். முதலில் கதைக்கிறவர் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டி வருமென்று பயம்.

நாங்கள் அப்படித்தான் இருந்தோம். மடியில் கிடந்த புத்தகங்கள் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

டெல்பின்தான் எழுந்து தன் புத்தகத்தை உயர்த்திக் காட்டினாள். ஒரு போட்டுக்கும் ஒன்றுமில்லை, நாங்கள் வாசிக்கிறோம் என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஊமைக் கூட்டம்" என்று ஒரு பொடியன் சொன்னான். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

பிலோமினாக்கா சிரிக்கவில்லை.

"வாசிக்கிறதெண்டால் வீட்டை இருந்து வாசியுங்கோ," என்றார். "செத்தவீடு மாதிரி இருந்து கடலுக்குக் காட்டாதேங்கோ."

படுக்க ஒரு கொட்டில்

திருச்சியில் சாப்பாட்டுக் கடையில் இலை எடுத்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு முகாம், பிறகு மன்னார், பிறகு கிளிநொச்சியில் லொறிக்குக் கிளீனர். விரித்து எழுத அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பசி எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான் இருந்தது. ஒரு வருடம் முழுதாக நான் எங்கும் இருந்ததில்லை.

பிறந்தது காங்கேசன்துறை. அப்பா சீமெந்துத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கினார். ஏழாம் வகுப்பில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் பாதி எழுதியிருந்தபோது பள்ளிக்கூடம் கலைந்தது. ஷெல் அடி. அந்தக் கணக்கின் விடை எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதன் பிறகு நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் படிக்கப் போகவில்லை. படுக்கப் போயிருக்கிறேன், அகதியாக.

குருநகருக்கு வந்தது மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் முடிந்த கையோடு. போட்டுகள் மறுபடி ஒழுங்காகக் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தன. சவரிமுத்தருக்கு வலையின் கிழிசல் பொத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. இரவில் கொட்டிலில் படுத்து வலைகளையும் இஞ்சினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கூரை தேவைப்பட்டது. எந்த ஊரென்று கேட்டார்கள், சொன்னேன். அன்றிலிருந்து என் பெயர் காங்கேசன்.

கேள்விகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். புது ஆளைக் கண்டால் கேட்பது எங்கள் ஆட்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. எந்த ஊர், ஆற்றை மகன், எங்கை இருந்தனி, எந்த முகாம், ஏன் திரும்பி வந்தனி, கல்யாணம் கட்டேல்லையோ. சீருடை போட்டவர்களும் கேட்டார்கள், போடாதவர்களும் கேட்டார்கள். வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். மன்னாரில் ஒரு கல்யாணத் தரகர் என்னை அரை நாள் விசாரித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். எந்தக் கேள்வி எதற்காக என்று பிரித்தறிய எனக்கு முடிவதில்லை. யார் கேட்டாலும் உள்ளங்கை வேர்க்கும். பேசாமல் மூட்டையைக் கட்டிவிடுவேன்.

இத்தனை ஊர் மாறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

குவைத்தில் பார்த்தது

டெல்பின் சவரிமுத்தரின் தங்கை மகள். நாற்பது வயது இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பல வருடம் இருந்து திரும்பியிருந்தாள். தையல் மெசினில் பள்ளிக்கூட உடுப்புத் தைப்பாள்.

ஒரு நாள் வலை ஓரத்தில் உட்கார்ந்து அவள் எனக்கு அந்த வீட்டைப் பற்றிச் சொன்னாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, தொழுகை முடிந்து, அந்த வீட்டு அம்மாவும் மகள்மாரும் ஆளுக்கொரு புத்தகத்தோடு ஒரே அறையில் இருப்பார்களாம். இவள் தேத்தண்ணித் தட்டோடு கதவோரம் நிற்பாள். காலையில் எழுந்ததிலிருந்து இதை ஏன் இங்கே வைத்தாய், அதை ஏன் கழுவவில்லை என்று கேட்கிற வீடு அந்த நேரம் மட்டும் ஒன்றும் கேட்காது. ஒருவரையொருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் தனித்தனி அறைக்குப் போகவும் மாட்டார்கள்.

"அதைப் பாத்துக்கொண்டு நிக்கேக்கை எனக்கு வயித்தெரிச்சலாக் கிடந்தது, அண்ணை," என்றாள். "புத்தகத்துக்கில்லை. அந்த இருப்புக்கு."

ஊருக்கு வந்ததும் அவளையும் கேட்டார்கள். என்ன கொண்டு வந்தாய், புருஷன் எங்கே, ஏன் அடுத்ததைக் கட்டவில்லை. அவள் தன் மாமனிடம் போய்ச் சனிக்கிழமை ஒரு மணித்தியாலத்துக்குக் கொட்டிலைக் கேட்டாள். அவர் தங்கை மகளுக்கு இல்லையென்று சொல்ல முடியாமல் ஓமென்றார்.

அவள் கூட்டியது சின்னக் கூட்டம். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், பரீட்சைக்குப் படிக்கிற இரண்டு பெட்டையள், ஒரு கால் இல்லாத சைக்கிள் கடைக்காரர், இன்னும் சிலர். நான் கொட்டிலிலேயே இருந்ததால் அதில் சேர்ந்துவிட்டேன். யாரும் எதையும் கொண்டு வரலாம். யாரும் யாருடைய புத்தகத்தைப் பற்றியும் கேட்கக் கூடாது. நான் கொண்டுபோனது கோழி வளர்ப்புப் புத்தகம், பழைய பேப்பர்க் கடையில் கிடைத்தது. என் வாழ்நாளில் ஒரு கோழி எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

எனக்கு வேறு ஞாபகம்



பிலோமினாக்காவுக்குக் குனிந்த தலைகள் என்றால் வராத போட். எனக்கு ஒரு மைதானம். பதினாறோ பதினேழோ வயது. சுற்றிவளைப்பென்று ஒரு விடியற்காலை எங்கள் எல்லோரையும் கொண்டுபோய் வெயிலில் இருத்தினார்கள். கதைக்கக் கூடாது, தலையை நிமிர்த்தக் கூடாது. பிறகு ஒவ்வொருவராக ஒரு வாகனத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். உள்ளே முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டுகிற ஒருவன் இருப்பான். அவன் தலையை ஆட்டினால் பிடித்துக்கொண்டு போகிற பக்கம், ஆட்டாவிட்டால் மற்றப் பக்கம். எனக்கு ஆட்டவில்லை. எனக்கு முன்னால் போனவனுக்கு ஆட்டினான். அவன் சேர்ட் முதுகில் ஒரு கிழிசல் இருந்தது, வேறு நிற நூலால் தைத்திருந்தது. பெயர் தெரியாது.

அதனால் பலர் ஒன்றாக, சத்தமில்லாமல், குனிந்து இருக்கிற இடம் எனக்கு நல்ல இடமில்லை. முதல் இரண்டு சனிக்கிழமையும் ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சனிக்கிழமைதான் ஒன்று பிடிபட்டது. இங்கே யாரும் நடந்து காட்டத் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுகிறார், பக்கத்தைப் புரட்டுகிறார், தொண்டையைச் செருமுகிறார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமையே சனிக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கினேன். எனக்கு அது புது வியாதி.

வானொலி

பிலோமினாக்கா சண்டை பிடிக்கவில்லை. சனிக்கிழமை நாலு மணியானால் வேலிக்கு மேல் வானொலிப் பெட்டியைத் தூக்கி வைத்து, கொட்டில் பக்கம் திருப்பி, முழுச் சத்தத்தில் விடுவார். சினிமாப் பாட்டு, விளம்பரம், மரண அறிவித்தல் எல்லாம் வரும். மரண அறிவித்தல் வந்தால் மட்டும் ஓடிவந்து குறைப்பார். அதை எங்களுக்குக் கேட்க விடக்கூடாதாம்.

அவருடைய மகன் ஜூட்டுக்கு இது நல்ல பகிடி. இருபத்தைந்து வயது, அப்பாவின் போட்டை அவன்தான் ஓட்டினான். வேலிக்கு வெளியே நின்று என்னைக் கேட்பான், "காங்கேசன் அண்ணை, கோழி முட்டையிட்டுட்டுதோ?" கதைக்கக் கூடாது என்பதால் நான் கையால் இன்னும் இல்லை என்று காட்டுவேன். ஒரு சனிக்கிழமை தானும் வந்து இருந்து, புத்தகத்தைத் திறக்க முன்பே குறட்டை விட்டான். வெள்ளி இரவு முழுக்கக் கடலில் நின்றவன்.

பிலோமினாக்காவின் பயம் பழையது. சிறுபிள்ளையாக இருந்தபோது, கடலுக்குப் போன தன் தகப்பனாருக்காக அவர் அப்படிக் குந்தியிருந்தாராம். இது எனக்கு மரியசீலி சொன்னது. எத்தனை சனங்கள் இருந்தும் ஒரு சத்தம் இல்லை, கடைசியில் கடல் பக்கமிருந்து வந்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை, அதிலேயே விளங்கிவிட்டது என்று. இப்போது வாராவாரம் தன் வீட்டு வேலிக்கு அப்பால் அதே மாதிரி ஆட்கள் சும்மா போய் இருக்கிறார்கள். கடல் அதைக் கண்டால் உண்மையென்று எடுத்துக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். கேட்கக் கேட்க ஒழுங்கையில் மற்றவர்களுக்கும் அப்படித் தோன்றத் தொடங்கியது. வலையில் ஒரு கிழிசல் என்றாலும் எங்கள் பக்கம் பார்த்தார்கள். பெட்டையள் இரண்டு பேரையும் வீட்டில் மறித்துவிட்டார்கள்.

ஒரு நாள் சவரிமுத்தர் கொட்டிலுக்கு வந்து நின்றார். அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை.

"பிள்ளை, நான் உதுகளை நம்பிறதில்லை," என்று டெல்பினிடம் சொன்னார். "ஆனால் ஒரு போட்டுக்கு ஒண்டு நடந்தால் உன்னை என்னாலை காப்பாத்தேலாது. இந்த ஒழுங்கையிலை நீ இருக்கேலாது."

பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தனியாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை. எனக்கு இருந்தது அந்தக் கூரை மட்டும்தான்.

அன்றிலிருந்து சனிக்கிழமை விடியற்காலையில் போட்டுகள் வரும் சத்தத்தை நான் படுக்கையிலிருந்தே கேட்பேன். ஒவ்வொரு இஞ்சினுக்கும் ஒரு குரல். எல்லாம் வந்து முடியும்வரை தேத்தண்ணி வைக்க மாட்டேன்.

வராத குரல்

அந்தச் சனிக்கிழமை ஜூட்டின் போட் வரவில்லை.

இரவு கச்சான் என்கிற மேல்காற்று அடித்திருந்தது. திரும்பி வந்தவர்கள் சொன்னது இதுதான்: நடுக்கடலில் பெரிய இழுவைப் படகுகள் வந்தன, எல்லோரும் வலையை வெட்டிவிட்டுச் சிதறினார்கள். ஜூட்டின் வெளிச்சத்தை ஒருவர் மேற்கே கண்டார். பிறகு காணவில்லை. அவனோடு மன்னார்ப் பக்கத்து இளைஞன் ஒருவனும் இருந்தான். இரண்டு பேரின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. மீனவர் சங்கத்தின் மூலம் கடற்படைக்கு அறிவித்தார்கள். சவரிமுத்தர் இரண்டு போட்டுகளைத் தேட அனுப்பிவிட்டு இறங்குதுறையில் நின்றார். தானும் போகிறேன் என்றவரை மற்றவர்கள் பிடித்து வைத்திருந்தார்கள்.

பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறி, கடல் ஒன்றும் நடக்காத மாதிரிப் பளபளத்தது. நான் வலை பொத்துவது போல ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு முடிச்சும் போடவில்லை.   தண்ணீர் எடுக்கப் போனபோது குழாயடியில் நின்ற பெண்கள் விலகி வழி விட்டார்கள். அந்த மாதிரி வழி விடுவதை நான் வேறு ஊர்களிலும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அதிக நாள் அந்த ஊர்களில் இருந்ததில்லை.

மத்தியானம் என் பையை எடுத்து இரண்டு சேர்ட்டையும் சாரத்தையும் மடித்து வைத்தேன்.

டெல்பின் வந்தபோது பை கதவோரம் இருந்தது. பார்த்தாள். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"நான் இண்டைக்கும் இருப்பன்," என்றாள்.

வேண்டாமென்றேன். இன்றைக்கு இருந்தால் கல்லெறிவார்கள் என்றேன். அவள் உதடு வெள்ளையாக இருந்தது. ஜூட் அவள் தூக்கி வளர்த்தவன்.

"இருந்தாலும் நாங்கள்தான் எண்டு சொல்லுவினம். இருக்காட்டிலும் சொல்லுவினம். வீட்டை போனால் எனக்கு விசர் பிடிச்சிடும், அண்ணை."

நாலு மணிக்கு அவள் வழக்கமான இடத்தில் இருந்தாள். நான் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். போகிற மனம்தான். ஆனால் அவளைத் தனியே விட்டுவிட்டு எழும்பக் கால் வரவில்லை. தபால்காரர் குடையோடு வந்து, குடையை மடித்து, உட்கார்ந்தார். வேறு யாரும் வரவில்லை. வேலிக்கு மேல் வானொலி இல்லை. அந்த வெறுமையான வேலியைப் பார்க்கத்தான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

அங்கை கேக்கினம்

பிலோமினாக்காவின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம். விடியலிலிருந்து சனம் நிறைந்திருந்தது. குரல்கள் கொட்டிலுக்குக் கேட்டன. நல்ல மனதோடுதான் கேட்டார்கள். போனடிச்சுப் பாத்தனியளோ? போகேக்கை சாப்பிட்டவனோ? என்ன நிறச் சேர்ட்? கனவு ஏதும் கண்டனியளோ? முந்தின நாள் முகம் எப்பிடி இருந்தது? ஒருவர் கேட்டு முடிய அடுத்தவர் வந்து முதலிலிருந்து கேட்டார். பிலோமினாக்கா ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு ஓம், இல்லை என்றார். பிறகு அவருடைய குரல் கேட்கவில்லை.

வேலிப் படலை திறந்தது.

அவர் கொட்டிலை நோக்கி வருவதை நான் கண்டேன். பின்னால் பெண்கள் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும் நடக்கப் போவது தெரிந்தது. நான் பையின் வாரைக் கையில் பிடித்தேன். டெல்பின் எழுந்து நின்றாள். முதல் அடி தனக்கு விழட்டும் என்பது போல ஒரு அடி முன்னே வந்தாள்.

"எழும்பாதேங்கோ," என்றார் பிலோமினாக்கா.

உள்ளே வந்து, வலைக்குவியலோரம் சீமெந்தில் இருந்தார். காலை நீட்டினார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"அங்கை கேட்டுக் கேட்டுக் கொல்லினம்," என்றார். "ஒரு புத்தகம் தா, பிள்ளை."

டெல்பின் தன் கையிலிருந்ததைக் கொடுத்தாள். தடித்த நாவல், நடுவில் விரல் வைத்திருந்த பக்கத்தோடு அப்படியே கொடுத்தாள். பிலோமினாக்கா அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கினார். உண்மையாக வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது. உதடு அசைந்தது. நேரம் கழித்து ஒரு பக்கம் புரட்டினார்.

முதலில் வந்தவள் மரியசீலி. ஒன்றும் கேட்காமல் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு மற்றப் பெண்கள் வந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார். பெட்டையள் இரண்டு பேரும் தாய்மாரோடு வந்தார்கள். இடம் போதாமல் வாசலிலும் மணலிலும் இருந்தார்கள். சிலரிடம் செபப் புத்தகம், சிலரிடம் பிள்ளைகளின் பாடப் புத்தகம். பலரிடம் ஒன்றுமில்லை.

நாங்கள் வாசிக்கிறோமா, அவர்கள் வழக்கப்படி காத்திருக்கிறோமா என்று பிரித்துச் சொல்ல இடமில்லை. இரண்டுக்கும் ஒரே விதிதான். ஐந்து மணி கடந்தது. விதிப்படி அப்போது கதைத்திருக்கலாம். யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு தொலைபேசி சீமெந்தில் அதிர்ந்தது. அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. அதற்குரியவள் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ விளம்பரம் என்பது போலத் தலையசைத்துத் திரைப் பக்கத்தை நிலத்தில் கவிழ்த்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெட்டை தன் சட்டை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். பிலோமினாக்கா மட்டும் நிமிரவில்லை.

கோயில் மணி அடித்து, வெளிச்சம் மஞ்சளாகக் குறைந்தபோது, சவரிமுத்தர் இறங்குதுறைப் பக்கமிருந்து வந்தார். ஓடி வரவில்லை. நடந்து வந்தார். நல்ல செய்தியென்றால் ஓடி வருவார் என்று நான் நினைத்தேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். யாரோ மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. அவர் வாசலுக்கு வந்து, இத்தனை பேரையும் பார்த்து, நிலையைப் பிடித்துக்கொண்டார்.   

பிலோமினாக்கா அவரைப் பார்க்காமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெடுந்தீவிலை நிக்கிறாங்கள்," என்றார் சவரிமுத்தர். "இஞ்சின் நிண்டு போச்சுதாம். அந்தப் பக்கத்துப் போட் ஒண்டு கண்டு இழுத்துக்கொண்டு போயிருக்கு."

"ரெண்டு பேருமோ?" என்று கேட்டாள் டெல்பின்.

"ரெண்டு பேரும்."

அவர் ஓடி வராதது விடியலிலிருந்து வெயிலில் நின்ற களைப்பால் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேர் அவரைப் பிடித்து இருத்தினார்கள்.

அழுகை, கும்பிடு எல்லாம் அதற்குப் பிறகு நடந்தன. பிலோமினாக்கா கடைசியாகத்தான் எழுந்தார். புத்தகத்தை மூடி டெல்பினிடம் கொடுத்தார்.

"அவங்களை எத்தினை மணிக்குக் கண்டவங்களாம்?" என்று புருஷனைக் கேட்டார்.

நாலு, நாலரை இருக்கும் என்றார் அவர்.

பிலோமினாக்கா எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். முதல் சனிக்கிழமை மரியசீலி பார்த்த பார்வைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நேர்த்தி

அடுத்த சனிக்கிழமை கொட்டில் கொள்ளவில்லை.

நாங்கள் இருந்தால் போட் வராது என்று நம்பியவர்கள் இப்போது நாங்கள் இருந்தால் போட் வரும் என்று நம்பினார்கள். நம்பிக்கை ஒரே வாரத்தில் தலைகீழாகத் திரும்பிவிட்டது. வாசலில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். நைலோன் வலை பிடித்தால் கரை முழுதும் எரியும் என்று டெல்பின் அதைத் தூக்கி மணலில் வைத்தாள். வாசிக்கத் தெரியாத கிழவர்கள் கலண்டரைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்தார்கள். தபால்காரர் காய்ச்சலில் ஒரு சனிக்கிழமை கிடந்தபோது, அவரைக் கதிரையோடு தூக்கி வரலாமா என்று உண்மையாகவே ஆலோசித்தார்கள்.

டெல்பின் ஒரு நாள் மாமியிடம் சொல்லிப் பார்த்தாள். நான் வலை பொத்திக்கொண்டிருந்தேன்.

"மாமி, இது வாசிப்பு. நேர்த்திக்கடனில்லை."

"உனக்கு வாசிப்பு. எனக்கு மற்றது. ரெண்டும் ஒரே நேரத்திலை இருக்கலாம்தானே."

டெல்பின் எழுந்து தன் தையலுக்குப் போனாள்.  ஒன்று மட்டும் உண்மை: அந்த ஒரு மணித்தியாலம் இன்னமும் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. ஒழுங்கையில் முகம் கொடுத்துக் கதைக்காத இரண்டு குடும்பங்கள் தோளோடு தோள் முட்ட இருக்கிறார்கள். கதைக்கத் தேவையில்லை என்பதால் இருக்க முடிகிறது.

ஆனால் எனக்குப் பயம் குறையவில்லை. கூடிவிட்டது. கடல் அங்கேதான் இருக்கிறது. இழுவைப் படகுகளும் கச்சானும் இருக்கின்றன. வராமல் போகப்போகிற போட் ஒன்று எப்போதாவது இருக்கத்தான் செய்யும். அன்றைக்கு, போன சனிக்கிழமை யார் வரவில்லை என்று கேட்பார்கள். அந்த ஆள் நானாக இருக்கக் கூடாது. டெல்பினாக இருக்கக் கூடாது. அந்தப் பெட்டையளில் ஒருத்தியாக இருக்கவே கூடாது.

பயம் வந்தால் நான் செய்வது உங்களுக்குத் தெரியும். வவுனியாவில் லொறிக் கராஜ் ஒன்றில் வேலை இருப்பதாகத் தெரிந்த ஒருவர் சொன்னார். படுக்க இடமும் உண்டு. பையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போகலாமென்று பிலோமினாக்காவிடம் போனேன். சொல்லிவிட்டுப் போவதே எனக்குப் புதுப் பழக்கம். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. எங்கே, ஏன், எவ்வளவு நாளைக்கு என்று ஒன்றும் கேட்கவில்லை.

"போறதெண்டால் போ," என்றார். "சனிக்கிழமை வந்திரு."

"வவுனியாவிலையிருந்தோ, அக்கா?"

"பஸ் ஓடுதுதானே."

ஓடத்தான் செய்கிறது. இத்தனை மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் கராஜில் சொல்லிவிட்டு ஏறுகிறேன், இரவு திரும்புகிறேன். முதலாளி எனக்குக் குருநகரில் குடும்பம் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

சில வாரங்களுக்கு முன்னால் கொடிகாமம் தாண்டியதும் பஸ்ஸின் டயர் வெடித்தது. மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்தது. நான் இறங்கி வீதியில் நின்று போகிற வருகிற மோட்டார் சைக்கிளையெல்லாம் மறித்தேன். இரண்டு பேர் கைமாறி என்னைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒழுங்கைக்குள் ஓடினேன். இந்த வயதில் நான் ஓடுவதில்லை.

அவர்கள் தொடங்கியிருந்தார்கள். பிலோமினாக்காவுக்குப் பக்கத்தில் என் இடம் வெறுமையாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. முகம் வேர்த்து, கண் கலங்கி, ஜூட் வராத அந்தச் சனிக்கிழமை போலவே இருந்தது. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் இருந்தபோது அவர் கை என் கையில் முட்டியது. ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வாசலால் கரை தெரிந்தது. எல்லாப் போட்டும் ஏற்றிக் கிடந்தது. ஜூட் அவற்றில் ஒன்றின் மேல் ஏறி நின்று ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். கடலில் ஒரு போட்டும் இல்லை.

காத்திருக்க ஒன்றும் இல்லையென்று தெரிந்தும், ஐந்து மணி அடிக்கும் வரை ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.